உப்புப் பார்க்கத் தேவையில்லாத விருந்து

உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று தவமலர் கத்தி முனையால் குத்திப் பார்த்தாள். கத்தி தடையில்லாமல் இறங்கியது. அவ்வளவுதான், சமையல் முடிந்தது. இதற்காகத்தான் இந்தச் சாப்பாட்டையே அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். ராக்லெட் என்றால் அவிப்பதற்குக் கிழங்கு மட்டும்தான். மிச்சமெல்லாம் கடையிலிருந்து வருவது, வெட்டி அடுக்கினால் போதும். சீஸ் துண்டுகள், வினாகிரியில் ஊறிய குட்டி வெள்ளரிக்காய், வெள்ளை வெங்காயம், காளான், சிவப்பும் மஞ்சளுமாகக் குடமிளகாய். மேசை நடுவில் கரண்ட் அடுப்பை வைத்துவிட்டால், வந்தவர்கள் அவரவர் குட்டிச் சட்டியில் சீஸை வைத்து, தாங்களே அடுப்புக்குக் கீழே தள்ளி, உருகியதும் தாங்களே இழுத்துக் கிழங்கின்மேல் வழித்துக்கொள்வார்கள். உப்புப் பார்க்க வேண்டியதில்லை. புளி காணுமா என்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்க வேண்டியதில்லை. தாளிதம் கருகுகிறதா என்று மூக்கை நீட்ட வேண்டியதில்லை. பங்குனியில் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவளுடைய மூக்கு கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டும்தான் பயன்பட்டது. அது இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

முதல் நாள் அதை இஞ்சியின் குற்றம் என்றுதான் நினைத்தாள். தேநீரில் தட்டிப் போட்ட இஞ்சி மணக்கவில்லை. பழசைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எடுத்துக் குப்பையில் போட்டாள். அடுத்த நாள் சவர்க்காரம். அதற்கடுத்த நாள் பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் கருகிக் கிடந்தது. அவள் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் வந்தது, வெங்காயம் வரவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அது மிகவும் சின்ன விஷயமாக இருந்தது. அடுத்த அறையில் மாமி படுக்கையில் கிடந்தார். அவளுடைய புருசன் சத்தியசீலன் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தாயின் அறைக்குள் போய் நிற்பான். ஒரு உயிர் இருக்குமா போகுமா என்று டாக்டர்மாரோடு பேச்சு நடக்கிற வீட்டில், எனக்கு இஞ்சி மணக்கவில்லை என்று எந்த இடைவெளியில் சொல்வது. பிறகு சொல்லலாம் என்று வைத்தாள். வைத்தது அங்கேயே கிடந்து கனத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதம் கழித்துச் சொன்னால் அந்த ஒரு மாதமும் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இரண்டு மாதம் கழித்தென்றால் அதற்கும் சேர்த்து. ஒருநாள் மாமிக்கு மருந்து எடுக்கப் போன சாட்டில் டாக்டரிடம் மட்டும் சொன்னாள். அவர் குட்டிப் போத்தல்கள் சிலதைக் கொடுத்து, தினமும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பாருங்கள், சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது என்றார். அதைச் சொல்லும்போது அவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குளியலறையைப் பூட்டிக்கொண்டு முகர்ந்தாள். எலுமிச்சை என்ற சொல் வந்தது, எலுமிச்சை வரவில்லை. கராம்பு என்ற சொல் வந்தது. சொற்கள் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றன, வெறுங்கையோடு.

மாமி ஆடியில் போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குச் சமையலைத் தவமலர்தான் செய்தாள். வேறு யாரிடமும் விட முடியாது, சுவிஸில் இந்தப் பீல் நகரத்துத் தமிழ் ஆட்களுக்கு அவளுடைய கைச்சமையல் அப்படி. கோயில் திருவிழாவென்றாலும் யாருடைய பிள்ளைக்குப் பிறந்தநாளென்றாலும் முதலில் அவளைத்தான் கேட்பார்கள். கைகளுக்கு ஞாபகம் இருக்கும் என்று அவள் நம்பினாள். இருக்கத்தான் செய்தது. கை உப்பை அள்ளிப் போட்டது. போட்டதா என்று ஒரு சந்தேகம் வந்தது. நாக்கில் தொட்டுப் பார்த்தாள். எங்கோ தூரத்துக் கலியாண வீட்டு மேளம் காற்றில் வந்து போவதுபோல ஏதோ இருந்தது, அது உப்பா, உப்பைப் பற்றிய நினைப்பா என்று பிடிபடவில்லை. கை இன்னொருதரம் போட்டது. பருப்பிலும் அப்படி, பூசணிக்காய்ப் பாற்கறியிலும் அப்படி. வந்தவர்கள் நாகரிகமானவர்கள், இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். சத்தியசீலனின் தங்கை பவளராணி மட்டும் ஒரு வாய் வைத்தாள், நிறுத்தினாள், தட்டைத் தள்ளினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது. கிட்ட வந்து, யாரும் பார்த்தால் ஏதோ ஆறுதல் சொல்கிறாள் என்று நினைக்கும்படியாக, "அம்மா இருந்த நாளெல்லாம் உங்களுக்குப் பாரமாத்தான் இருந்தவ, எனக்குத் தெரியும் மச்சாள். போன பிறகெண்டாலும் அவவுக்கு ஒரு வாய்ச் சாப்பாடு மனசோடை படைச்சிருக்கலாம்" என்றாள். அன்றைக்குப் போனவள்தான், பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. மனசோடை என்ற அந்தச் சொல், பாவாடை நாடா கட்டிலில் மாட்டுவதுபோலத் தவமலரின் நாட்களில் எங்காவது மாட்டிக்கொண்டே இருந்தது. உடுப்புத் துவைக்கும்போது, பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது. மனசோடைதான் செய்தேன் என்று சொன்னால், பின் ஏன் உப்பு என்று கேள்வி வரும். உப்பு ஏன் என்று சொன்னால், இப்ப கண்டுபிடிச்ச சாட்டு என்பார்கள்.

போன கிழமை பவளராணியின் புருசன் நித்தியானந்தன் தொலைபேசி எடுத்து, உந்தக் கோவத்தை இப்பிடியே விட்டால் கல்லாப் போயிடும், ஞாயிற்றுக்கிழமை வாறம் என்று சொல்லிவிட்டான். சத்தியசீலன் குசினி வாசலில் வந்து நின்று, "ராணியாக்கள் வருகினமாம். நீர் என்ன சமைக்கப் போறீர்?" என்று கேட்டான். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான், ஆனால் நிலைக்கதவைப் பிடித்திருந்த விரல்கள் சாதாரணமாக இல்லை. உப்புக்குப் பயப்படுகிறார் என்று அவள் நினைத்தாள்.

"ராக்லெட்."

"வீட்டை வாற ஆக்களுக்குச் சீஸோ?"

"பிள்ளை வாங்கித் தந்த மெசின் பெட்டிக்குள்ளையே கிடக்கு."

சரி, உம்மடை விருப்பம் என்றான். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான்.

மணி அடித்தது. பவளராணி முன்னால் வந்தாள், மண்ணிறக் குளிர்க்கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி, கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. தாய் இறந்த வருசம் என்பதால் பொட்டுக்கூடச் சிறிதாக வைத்திருந்தாள். "சுகமோ மச்சாள்" என்றாள், பதில் வருமுன்னே குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள். நித்தியானந்தன் அந்த ஒடுங்கிய வாசல் நடையில் தானே காற்றாகப் புகுந்து இடத்தை நிரப்பினான். "அக்கா, கீழை படியேறேக்கையே சீஸ் மணம் தூக்குது. உங்கடை வீட்டுக் கறி மணத்துக்கு அந்தக் கீழ்வீட்டுச் சுவிஸ் கிழவி எத்தினை தரம் முறைப்பாடு குடுத்தவ? இண்டைக்கு என்ன செய்யிறா பாப்பம்!" என்று தன் பகடிக்குத் தானே சிரித்தான். தவமலரும் சிரித்தாள். மணக்கிறது போலும் என்று ஒரு தகவலாக எடுத்துக்கொண்டாள். இந்த மாதங்களில் அவள் அதைப் பழகியிருந்தாள். மற்றவர்களின் முகத்தைப் பார்த்து உலகத்தில் என்ன மணக்கிறது என்று தெரிந்துகொள்வது. மூக்குச் சுருங்கினால் ஒன்று, கண் சொருகினால் ஒன்று. செவிடர்கள் உதட்டைப் பார்ப்பார்களாம். யாராவது ஆ என்றால் இவளும் ஆ என்பாள், கொஞ்சம் பிந்தி.

எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். அடுப்பின் கம்பி சிவந்து, மேல்தட்டில் காளான் தண்ணீர் விட்டுச் சுருங்கத் தொடங்கியது. நித்தியானந்தனுக்கு இதெல்லாம் வேலையிடத்து நத்தார் விருந்துகளில் பழக்கம், சீஸின்மேல் மிளகாய்த்தூளைத் தூவி எப்படித் தள்ள வேண்டும் என்று மச்சானுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தான். பவளராணி ஒரு சதுரச் சீஸைச் சட்டியில் வைத்து, அது ஏதோ ஆஸ்பத்திரிச் சாமான் என்பதுபோல இரண்டு விரலால் தள்ளினாள். தள்ளிவிட்டு, "நாங்கள் உங்கடை கையாலை ஏதும் சாப்பிடலாமெண்டு வந்தனாங்கள்" என்றாள். அதில் குத்து இருந்ததா என்று தவமலர் தேடிப் பார்த்தாள். இருந்தது. ஆனால் அது ஏதோ ஒரு கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. செய்வதற்கு அவளுக்கு ஒன்றுமில்லை. இத்தனை வருசத்தில் விருந்தாளிகள் வந்திருக்கும்போது அவள் மேசையில் இருந்ததே கிடையாது. எழும்பி, போட்டு, காணுமா என்று கேட்டு, குசினிக்கு ஓடி, அப்பளம் பொரித்து, கடைசியில் ஆறிய சோற்றோடு தனியாக இருந்து சாப்பிடுகிறவள். இப்போது முழங்கையை மேசையில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் போலக் காத்திருந்தாள். தன் சட்டிக்குள் சீஸ் விளிம்பில் முதலில் பளபளத்தது, பிறகு மூலைகள் கரைந்தன, பிறகு அது சதுரமாக இருந்ததே மறந்துபோய் ஒரு குட்டிக் குளமாகிக் கொப்பளித்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாய்க்குள் போட்டால் சூடும் வழவழப்பும். கிழங்கு மாவாகக் கரைந்தது, வெள்ளரிக்காய் மொறுமொறுத்தது. சாப்பிடுவது என்பது இப்போது கையால் தடவிப் பார்ப்பதுபோல ஒரு வேலை, அதை வாய் செய்கிறது. துக்கமாக இல்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது, துக்கமாக இல்லாதது.

ஏனென்றால் போனது மணம் மட்டும்தானா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஐப்பசியில் மகள் அபிரா சூரிச்சிலிருந்து வந்தாள். கதவைத் திறந்ததும் பை தோளில் தொங்கத் தொங்கக் கட்டிப்பிடித்தாள். தவமலர் அவளுடைய கழுத்தடியில் முகத்தைப் புதைத்தாள், பிறந்த நாளிலிருந்து அப்படித்தான், அந்த இடத்தில் ஒரு மணம் உண்டு, பால் குடிக்கிற வயதிலும் இருந்தது, சோதனைக்குப் படித்த வயதிலும் இருந்தது, எந்தச் சம்பூ போட்டாலும் அதன் அடியில் இருந்தது. புதைத்தாள், ஒன்றுமில்லை. முடி கன்னத்தில் குத்தியது. யாரோ ஒரு இளம்பெண், உயரமான பெண், நல்ல பெண், தன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று மனதுக்குள் ஒரு குரல் வாசித்தது, செய்தி வாசிப்பதுபோல. அன்றைக்கு முழுவதும் அவள் மகளைத் தொலைக்காட்சியில் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மகள் சொன்ன கதைகளுக்குச் சிரித்தாள், புட்டு அவித்தாள், போகும்போது ரயிலடி வரைக்கும் போனாள். ரயில் நகர்ந்ததும், கண் கலங்க வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான். அபிரா மட்டுமல்ல. பக்கத்தில் படுத்திருக்கும் சத்தியசீலன், எண்ணெயும் இரும்பும் கலந்த தொழிற்சாலை மணத்தை எத்தனை குளித்தாலும் கழுத்துப்பட்டியில் கொண்டுவருகிறவன், இப்போது மூச்சு விடுகிற ஒரு மேடு. ஒரு மனிதன் மேல் வைத்த பிரியம் மூக்கு வழியாகத்தான் உள்ளே போயிருந்ததா, அந்த வழி அடைபட்டதும் உள்ளே இருந்ததும் மெல்ல வற்றிக்கொண்டு போகிறதா? இன்னொரு நினைப்பும் இருந்தது, அதைப் பகலில் மட்டும்தான் நினைப்பாள்: இது திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு பகுதி மனம் சொல்கிறது. இப்படியே இருக்கலாம், ஒன்றும் கிட்ட வராது. மாமியின் கடைசி மாதங்களில் அறையைத் துடைத்து, படுக்கையை மாற்றி, எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்தாள் என்று தாதிப் பெண்கள்கூட மெச்சினார்கள். முகம் சுளிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. மெச்சியதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, வேறு யாரோ செய்ததற்குத் தனக்கு மாலை போடுகிறார்கள் என்றிருந்தது.

அதற்கெல்லாம் முன்பே, மாமி வருவதற்கு முதல், அவளுக்கு வேலையும் போயிருந்தது. போகவில்லை, விட்டாள். ஊரின் பழைய பக்கத்து வெதுப்பகம் ஒன்றில் விடியற்காலையில் பாண் அடுக்குகிற வேலை. மாமியைக் கொழும்பிலிருந்து கூட்டிக்கொண்டு வரப்போவதாகச் சத்தியசீலன் ஒரு பின்னேரம் சொன்னான். கேட்கவில்லை, சொன்னான், பயணச்சீட்டு ஏற்கெனவே எடுத்தாயிற்று. அவவைப் பாக்க ஆரும் வீட்டிலை இருக்க வேணுமெல்லோ என்றும் சொன்னான். ஆர் என்று சொல்லவில்லை. அவள் அந்தக் கிழமையே முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு வெள்ளை மேலங்கியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள். பெரிய வேலை ஒன்றுமில்லை. தட்டுத் தட்டாக வரும், எடுத்துக் கூடையில் அடுக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வரும்போது தலைமுடியெல்லாம் வெண்ணெய் மணக்கும், பேருந்தில் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். அதைப் பற்றி யோசித்தாளா, அன்றைக்கு ஏதாவது தோன்றியதா என்று இப்போது தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. செய்ய வேண்டியது என்று இருந்தது, செய்தாள்.

"அக்கா எங்கையோ போட்டா," நித்தியானந்தன் அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினான். "என்ன, சீஸ் மயக்கமோ?"

"இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

பவளராணி தன் பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தாள். மோர் மிளகாய் பொரித்துக்கொண்டு வந்திருந்தாள். "அண்ணாவுக்கு விருப்பமெண்டு," என்று தமையன் பக்கம் நீட்டினாள், பிறகு மேசையில் இடமில்லாமல் பெட்டியையும் மூடியையும் அடுப்போரமாக வைத்தாள். தவமலர் பக்கம் நீட்டவில்லை. சத்தியசீலன் ஒரு மிளகாயை எடுத்துக் கடித்தான். கண்ணை மூடினான். எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்த முகம் சாப்பாட்டில் இளகுகிறது என்று தவமலர் பார்த்தாள். வீட்டில் அவன் இப்படிச் சாப்பிடுவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு, போட்டதை எல்லாம், தட்டை வழித்து, ஒரு சொல் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புவான். முதலெல்லாம் உறைப்புக் கூடிற்று, புளி காணாது என்று பத்துச் சொல்லுகிறவன். அவளுக்கு அது வசதியாக இருந்தது. சரியாகத்தான் சமைக்கிறேன் போலும் என்று எடுத்துக்கொண்டாள்.

"ஐயோ, ஸ்நோ!" என்றான் நித்தியானந்தன். யன்னலுக்கு வெளியே, தெருவிளக்கின் வெளிச்சத்தில், இந்த மாரியின் முதல் பனி அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருசமாகப் பார்த்தாலும் முதல் பனிக்கு எழும்பிப் போகிற பழக்கம் மட்டும் இந்த ஆட்களிடம் போகவில்லை. அவன் பல்கனிக் கதவைத் திறந்தான், பவளராணி கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனாள், சத்தியசீலனும் போனான். "நீரும் வாருமன்" என்றான் வாசலில் திரும்பி. "குளிருது, நீங்கள் பாருங்கோ" என்றாள். கதவு சாத்தப்பட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று முதுகுகள். அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரித் தோளை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை அவள் இன்றைக்குத்தான் கவனித்தாள். மாமியும் அப்படித்தான் நிற்பார், நடக்க முடிந்த நாட்களில். பவளராணி ஏதோ சொன்னாள், சத்தியசீலன் தலையை ஆட்டினான், பிறகு ஒரு கையைத் தங்கையின் முதுகில் வைத்தான். அழுகிறாளோ. தாயில்லாத முதல் பனி. அழுகிறாள்தான். மனசோடை. மூன்று பேரையும் சுற்றிப் பனி இறங்கியது, சத்தம் இல்லாமல், மணம் இல்லாமல். பனிக்கு ஒரு மணம் உண்டென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், இரும்பு போல என்றார்களா, இல்லை, வெறும் தண்ணீர் போல என்றா. பிறகு அதையும் விட்டுவிட்டுச் சும்மா பார்த்தாள். நல்ல நிம்மதியாக இருந்தது. இப்படியே அவர்கள் அங்கேயும் நான் இங்கேயும், அது ஒரு பிரிவுகூட இல்லை, ஒரு படம், யாரோ எடுத்து மாட்டிய படம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது.

கதவு திறந்தது. முதலில் வந்த பவளராணி முந்தானையை எடுத்து மூக்கில் பொத்தினாள்.

"கடவுளே, என்ன நாத்தம்!"

நித்தியானந்தன் இருமினான். சத்தியசீலன் இரண்டு எட்டில் மேசைக்கு வந்து சுவரிலிருந்து கரண்டைப் பிடுங்கினான். அப்போதுதான் தவமலர் தலையைத் திருப்பினாள். அவளுக்கு ஒரு சாண் தூரத்தில், பிளாஸ்டிக் பெட்டியின் மூடி அடுப்பின் விளிம்பில் சரிந்து, பச்சைக் கூழாக வழிந்துகொண்டிருந்தது. கீழே யாரோ மறந்துவிட்ட சட்டியில் சீஸ் கரியாகி மெல்லிய நீலப் புகை விட்டது. கிட்டத்தட்ட அழகாக இருந்தது அதுவும்.

"மச்சாள், முன்னாலை இருந்துகொண்டு! உங்களுக்கு மணக்கேல்லையே?" பவளராணியின் குரல் உயர்ந்தது. கண்கள் இன்னும் ஈரமாக இருந்தன. "என்ரை பெட்டி எண்டபடியால் எரியட்டுமெண்டு பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ? அவ்வளவுக்கு என்ன செய்தனான் நான் உங்களுக்கு?"

"ராணி, சும்மா இரும்," என்றான் நித்தியானந்தன்.

"நான் என்னத்துக்குச் சும்மா இருக்க? அண்டைக்கு அம்மாவின்ரை அந்தியேட்டிக்கு, இண்டைக்கு…"

"மணக்கேல்லை," என்றாள் தவமலர்.

மூன்று பேரும் பார்த்தார்கள். அவளுக்கே அந்தக் குரல் தூரத்தில் கேட்டது. இருந்தாலும் அது நிற்கவில்லை.

"எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை, பவளம். பங்குனிக் காய்ச்சலோடை போனது. வாயிலையும் ஒண்டும் சரியாத் தெரியாது. அண்டைக்கும் அதுதான். உப்புப் போட்டனா போடேல்லையா எண்டு தெரியேல்லை, திரும்பத் திரும்பப் போட்டுட்டன். இண்டைக்குச் சமைச்சாலும் அப்பிடித்தான் வரும். அதுதான் இதை வைச்சனான்."

பவளராணி முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். கதிரையை இழுத்து மெல்ல இருந்தாள். அன்றைக்குத் தான் சொன்ன அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல மேசையில் உருகிக் கிடந்த பச்சையைப் பார்த்தாள். "இதைச் சொல்லுறதுக்கென்ன மச்சாள்," என்றாள் கடைசியில். "நான் உங்களை எவ்வளவு திட்டிப்போட்டன். அம்மாவின்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு திட்டினன்." பிறகு தவமலரின் கையைப் பிடித்தாள். அந்தக் கை பல்கனிக் குளிரில் சில்லிட்டிருந்தது. தவமலர் பிடிக்க விட்டாள். இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்த இடம் இவ்வளவுதானா, ஒரு மூச்சில் கடக்கிற அகலம்தானா என்று தோன்றியது.

சத்தியசீலன் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தான், பிடுங்கிய வயரைக் கையில் வைத்தபடி.

"அப்ப நீர் என்னோடை கோவமில்லையோ?" என்றான்.

"என்ன கோவம்?"

"சாப்பாடு." அவன் வார்த்தைகளைத் தேடினான். "ஒருநாள் உப்பில்லை, ஒருநாள் வாயிலை வைக்கேலாது. நீர் வேணுமெண்டுதான் அப்பிடிச் செய்யிறீர் எண்டு நினைச்சன். வாயாலை கேக்காமல், சமைச்சுப் போட்டுக் கேக்கிறீர் எண்டு. சரி, கேக்கட்டும், எனக்கு வேணும் எண்டு நானும் ஒண்டும் கதைக்காமல் திண்டன்."

"எதுக்கு நான் உங்களோடை கோவிக்க?"

நித்தியானந்தன் எழும்பிப் பல்கனிக் கதவை அகலத் திறந்துவிட்டு அங்கேயே நின்றான். சத்தியசீலன் தங்கையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரேக்கை உம்மை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. உம்மடை வேலையையும் விட வைச்சன். நீர் விரும்பிப் போன வேலை. அம்மா போன பிறகெண்டாலும் கதைப்பமெண்டு பாத்தன், கதை வரேல்லை. நீர் ஒண்டுமே சொல்லேல்லை. ஒரு மனுசர் எப்பிடி ஒண்டுமே சொல்லாமல் இருக்கலாம்? அதுதான் சாப்பாட்டிலை சொல்லுறீர் எண்டு…"

அவன் முடிக்கவில்லை. இல்லையப்பா, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்வதற்குத் தவமலர் வாயைத் திறந்தாள். அந்த வாக்கியம் தயாராக இருந்தது, இருபது வருசமாகத் தயாராகவே இருக்கிற வாக்கியம். அது வரவில்லை. அதற்குப் பதிலாக வயிற்றின் அடியிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பியது. என்னவென்று முதலில் பிடிபடவில்லை. சூடாக இருந்தது, நெஞ்சுக்கு வந்தது, காது மடல் வரைக்கும் ஏறியது. இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தலையைக் குனிந்து சாப்பிட்டிருக்கிறார். ஒரு தட்டுச் சோற்றைப் பேசாமல் தின்றால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து அவளைத் தொட்டது. அதை அவள் விரட்டவில்லை. அடையாளம் கண்டுகொள்ளும் வரைக்கும் வைத்துப் பார்த்தாள்.

பவளராணி இன்னும் அவளுடைய கையை விடவில்லை. தவமலர் அதை மெல்ல உருவிக்கொண்டு புருசனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "கோவந்தான். இருங்கோ, சொல்லுறன்."

சத்தியசீலன் வயரை மேசையில் வைத்துவிட்டு அவளுக்கு எதிரே இருந்தான்.